பழுது அவர்கள் பக்கம்

போன மாதம் என் வீட்டில் இணையம் நின்றுபோனது. உதவி எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் உங்களில் ஒருவர்தான். இளம் குரல், நல்ல மரியாதை. "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குங்க ஐயா. பழுது உங்க பக்கந்தான்" என்று சொல்லி, நான் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் வைத்துவிட்டார். அவர் எதையும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு நேரமே இருக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது. அந்தக் கோபத்தில் பாதிதான் அந்தப் பிள்ளை மேல். மீதி என் மேல். ஏனென்றால் அதே வசனத்தை நானும் ஒருமுறை எழுதிக் கையெழுத்துப் போட்டவன்.

தொலைபேசி, இணையப் பழுதுபார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். கம்பத்தில் எப்படி ஏறுவது, இணைப்பை எப்படி முறுக்குவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். நான் இந்த ஒன்றைச் சொல்கிறேன்.

டயல்-அப் மோடம் காலம் அது. தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையம் வரும். மோடம் எண்ணைச் சுழற்றி, கீச்சிட்டு, இரைந்து, எதிர்முனையோடு பேசிப் பார்த்து, அதன் பிறகு இணையும். இணைந்தால் பெரிய விஷயம். அது அறுந்துபோகாமல் நின்றால் அதைவிடப் பெரிய விஷயம். எங்கள் மலைநாட்டில் மழை, பனி, துருப்பிடித்த இணைப்பு, கம்பிமேல் சாயும் சவுக்கு மரம் எல்லாவற்றையும் தாண்டித்தான் அது நிற்கவேண்டும்.

கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து மேலே ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தமிழ்ப் பாடசாலை ஒன்று இருந்தது. ஒரு உதவி அமைப்பு அந்தப் பாடசாலைக்குப் பத்துக் கணினிகளையும் ஒரு மோடத்தையும் கொடுத்திருந்தது. கணினி அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு டீச்சர். நாற்பது வயதிருக்கும். அவர் எங்கள் தொலைபேசி அலுவலகத்துக்கு மூன்று முறை முறைப்பாடு செய்திருந்தார்: இணையம் இணைகிறது, நடுவில் திடீரென்று அறுந்துவிடுகிறது.

மூன்றாவது முறைப்பாடு என் மேசைக்கு வந்த அன்று நல்ல மழை. பஸ்ஸில் போய் இறங்கி இரண்டு மைல் ஏறவேண்டும். நான் அலுவலகத்திலிருந்தபடியே பாடசாலை எண்ணுக்கு அழைத்தேன். யாரோ எடுத்து "ஹலோ" என்றார்கள். குரல் கண்ணாடிபோல் தெளிவாகக் கேட்டது. இணைப்பு விவரம் எழுதிய அட்டையை எடுத்துப் பார்த்தேன். பாடசாலைக்கு, வேறு யாரோடும் பங்கிடாத தனிக் கம்பி இணை போவதாக அதில் இருந்தது. அவ்வளவுதான். படிவத்தில் 'பழுது வாடிக்கையாளரின் கருவியில்' என்று எழுதினேன். கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் காலியாகக் கிடந்தது. காலியாக விடுவானேன் என்று, 'தவறான கையாளுதல் காரணமாக இருக்கலாம்' என்றும் எழுதினேன்.

மனிதக் காதுக்குக் குரல் தெளிவாகக் கேட்டால் கம்பி நல்லது என்று அர்த்தமில்லை. காது எதையும் மன்னித்துவிடும். மோடம் மன்னிக்காது. இது எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்தே எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த டீச்சர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தோளில் கைப்பை, கையில் ஒரு சீலைப் பை. முன்மேசையில் என் பெயரைச் சொல்லிக் கேட்டு, நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கள்தானோ இதை எழுதினது?"

நான் எழுதிய படிவத்தின் பிரதி அவர் கையில் இருந்தது.

"ஆமாங்க."

"எங்கடை பள்ளிக்கூடத்துக்கு வந்து பாத்தனீங்களோ?"

நான் மேசைமேல் கிடந்த கோப்புகளை அடுக்கினேன்.

"தவறான கையாளுதல் எண்டு எழுதியிருக்கிறியள். ஆர் கையாண்டது? நான். என்னைப் பாத்திருக்கிறியளோ? மோடத்தைப் பாத்திருக்கிறியளோ? பாக்காமல் எப்பிடி எழுதுவியள்?"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. பையிலிருந்து மோடத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"இதை இப்ப உங்கடை லைனிலை போட்டுப் பாருங்கோ. நான் நிக்கிறன்."

எங்கள் அலுவலகத்துக் கணினியில் அதை மாட்டி எண்ணைச் சுழற்றினேன். கீச்சிட்டது, இரைந்தது, இணைந்தது. நாற்பத்தாறாயிரம் வேகம். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணித்தியாலம். விளக்குகள் அசையாமல் எரிந்தன. டீச்சர் நாற்காலியில் உட்காரவும் இல்லை.

"இப்ப என்ன எழுதப் போறியள்?" என்று கேட்டார்.

அப்போதுதான் அந்தப் படிவம் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. பாடசாலையின் அதிபர் அதைக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். கல்வி அலுவலகம் உதவி அமைப்புக்கு அனுப்பியிருக்கிறது. கொடுத்த கருவியைப் பழுதாக்கியதற்கு விளக்கம் தரச் சொல்லி டீச்சருக்கு ஒரு கடிதம். அது அவருடைய தனிப்பட்ட கோவையிலும், அதாவது பணிக் கோப்பிலும், ஏறிவிட்டது. கணினிகளைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாத பாடசாலையில் அவை எதற்கு, நகரப் பாடசாலை ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவும் ஆகியிருந்தது.

"வெள்ளிக்கிழமை காலமை கல்வி அலுவலகத்தாக்கள் வருவினம். இணையம் ஒரு மணித்தியாலம் நிண்டால் விடுவினம். இல்லாட்டில் பத்தையும் ஏத்திக்கொண்டு போக லொறியும் வருது."

"நாளைக்கு மேல வந்து பாக்குறேங்க டீச்சர்" என்றேன்.

"இப்பதான் வருவியள்" என்று சொல்லி மோடத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை ஏறினேன். நானும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான். என் அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். அந்தப் பாடசாலை வாசலில் நின்றபோது எனக்கு வெட்கமாய்ப் போனது. வேறு யாராவது எழுதியிருந்தால், எங்கள் பிள்ளைகள் என்றால் இவர்களுக்கு இளக்காரம் என்று நானே நாலு பேரிடம் திட்டியிருப்பேன்.

செய்யவேண்டியதெல்லாம் செய்தேன். அதிபர் அறைக்குப் போன கூடுதல் தொலைபேசியைக் கழற்றினேன். கூரையடியில் துருப்பிடித்திருந்த இணைப்பை வெட்டிப் புதிதாகப் போட்டேன். மோடத்துக்கு ஒரு கட்டளை வரி எழுதி, இருபத்தெட்டாயிரத்துக்கு மேல் ஏறாதே என்று வேகத்தைக் கட்டிப்போட்டேன். பழுதான பாதையில் வேகமாக ஓடச் சொன்னால் அது விழும். மெல்ல நடக்கச் சொன்னால் நிற்கும். பெரும்பாலான தோட்டங்களில் அந்த வைத்தியமே போதும். இங்கே போதவில்லை. கால் மணித்தியாலம் நின்றது. அறுந்தது. மறுபடி இணைத்தேன். மறுபடி அறுந்தது.

டீச்சர் ஒரு பயிற்சிக் கொப்பியை என் முன்னால் வைத்தார். "இதைப் பாக்கிறியளோ?"

இரண்டு மாதமாக இணைப்பு அறுந்த ஒவ்வொரு நேரத்தையும் அதில் எழுதிவைத்திருந்தார். திகதி, மணி, நிமிடம், எத்தனை நிமிடம் நின்றது, மழையா வெயிலா. வரி வரியாக, கோடு போட்டு. எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒருவன்கூட அப்படி ஒரு குறிப்பு வைத்ததில்லை.

பக்கங்களைப் புரட்டினேன். மழைக்கும் அறுவதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் எல்லா நாளும் ஒன்பதரையை ஒட்டி ஒருமுறை அறுந்திருந்தது. பிறகு பதினொன்று, இரண்டு மணி வாக்கில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றுமில்லை.

"ஞாயித்துக்கிழமையும் வருவீங்களா டீச்சர்?"

"வேறை எப்ப பிள்ளையளுக்குக் காட்டுறது?"

ஞாயிற்றுக்கிழமை எது நிற்கும்? தேயிலைத் தொழிற்சாலை நிற்கும். நான் இறங்கித் தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த கிளாக்கர் ஐயாவிடம் கேட்டேன்.

"காலையில ஒம்பதரைக்குப் போன் எடுப்பீங்களாங்க?"

"அப்பதான கொழும்புக்கு பேக்ஸ் அனுப்புவோம். ஏன் கேக்குறீங்க?"

"இந்த லைன் எப்ப குடுத்தாங்க?"

"நாலு மாசம் இருக்கும். முன்ன பழைய லைன் ஒன்னுதான் இருந்திச்சு. இது பேக்ஸுக்குன்னு புதுசா குடுத்தாங்க."

தொழிற்சாலை வளைவில் நின்ற கம்பத்தில் ஏறினேன். உச்சியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, புத்தம் புதிது, எங்கள் அலுவலக முத்திரையோடு. ஒரே கம்பி இணையில் இரண்டு தொலைபேசிகளை ஏற்றும் பெட்டி அது. ஒரு பக்கம் பாடசாலை, மறுபக்கம் தொழிற்சாலை. குரலுக்கு அது போதும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் மறுபக்கத்தில் யாராவது தொலைபேசியை எடுத்தால் இந்தப் பக்கம் மோடத்தின் குரல்வளையை நெரித்ததுபோல் ஆகிவிடும். உலகத்தில் எந்த மோடமும் அங்கே நிற்காது.

அப்படியானால் பாடசாலைக்கு இருந்த தனி இணை எங்கே? கம்பியைக் கண்ணால் தொடர்ந்தேன். அது நேராக மேட்டுக்கு, தோட்டத் துரை வாழ்ந்த பழைய பங்களாவுக்குப் போனது. பங்களாவைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நல்ல இணையம் வேண்டும். பாடசாலையின் கம்பியைக் கழற்றி அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பாடசாலையைத் தொழிற்சாலையோடு ஒரே பெட்டியில் அடைத்துவிட்டார்கள். அட்டையை மாற்றி எழுதக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

பெட்டியை மூடிவிட்டு இறங்கினேன்.

மாலையில் அலுவலகம் திரும்பி எங்கள் மேற்பார்வையாளரிடம் போனேன். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். யாருக்காவது வீட்டில் சாவு என்றால் முதலில் வந்து நிற்பார். அவர்தான் அந்த வேலையைச் செய்வித்தவர்.

"கம்பி இல்லப்பா" என்றார். "தோட்டத்துக்கு இருக்கிறதே நாலு இணை. விடுதிக்காரங்க மேலிடத்துல பேசிட்டாங்க. யாருகிட்டயாவது எடுக்கணும். ஸ்கூல்தானே, யாரு கேக்கப் போறா?"

"டீச்சர் மூனு தடவ கேட்டிருக்காங்களே."

"நீதானே பதில் எழுதுன?"

அந்த அடியை நான் எதிர்பார்க்கவில்லை.

"இப்ப மாத்தி எழுதுனா என்னாகும்? நீ பாக்காம எழுதுனேன்னு வரும். உன் வேலைக்குத்தான் கேடு. நான் ஒரு வழி சொல்றேன். தேயிலை ஸ்டோர்ல கிளாக்கர்கிட்ட சொல்லி, வெள்ளிக்கிழமை காலையில ஒரு மணி நேரம் போன் எடுக்காம இருக்கச் சொல்லு. இணையம் நிக்கும். வந்தவங்க பாத்துட்டுப் போயிருவாங்க. ஸ்கூலுக்குக் கம்பியூட்டர் மிஞ்சும், உனக்கு வேலை மிஞ்சும். எல்லாருக்கும் நல்லது."

அது நல்ல யோசனையாகத்தான் எனக்குப் பட்டது. பொய் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நெருக்கடியில் வரும் தவறான யோசனை ஒருபோதும் தவறு போல வருவதில்லை. எல்லாருக்கும் நல்லது என்றுதான் வரும். வியாழக்கிழமை அந்த யோசனையைத் தூக்கிக்கொண்டு மறுபடி மலை ஏறினேன். பெட்டியைப் பற்றியும் மறைக்காமல் சொல்லி, டீச்சரிடம் இப்படிச் செய்யலாம் என்றேன்.

அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"வெள்ளிக்கிழமை நிக்கும். திங்கக்கிழமை?"

"பிறகு பாத்துக்கலாங்க டீச்சர்."

"பிறகு அறும். பிறகும் நான் முறைப்பாடு செய்வன். அப்ப வெள்ளிக்கிழமை நல்லா நிண்டதுதானே, டீச்சருக்குத்தான் தெரியேல்லை எண்டு நீங்களே எழுதுவியள்." அப்போதுதான் திரும்பினார். "எங்கடை லைனைக் களவெடுத்துப்போட்டு, எங்களையே அதுக்கு ஒத்தாசை செய்யச் சொல்லுறியளோ?"

இறங்கி வரும் வழியில் தொழிற்சாலைக்குள் நுழைந்து கிளாக்கரிடம் சொன்னேன்: "நாளைக்கு வழக்கம்போல ஒம்பதரைக்கு பேக்ஸ் அனுப்புங்க. நிறுத்திறாதீங்க." அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நாங்க என்னைக்குங்க நிறுத்துனோம்?" என்றார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்தார்கள். கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, உதவி அமைப்பிலிருந்து ஒருவர், பின்னால் லொறி. அதிபர் முன்கூட்டியே கணினிகளைச் சாக்கால் மூடச் சொல்லியிருந்தார். டீச்சர் ஒன்றை மட்டும் மூடாமல் வைத்திருந்தார். லொறியில் வந்த இரண்டு பேர் கயிற்றோடு வாசலில் நின்றார்கள்.

இணைத்தேன். இணைந்தது. அதிகாரியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் சொன்னேன்:

"ஐயா, இப்ப ஒம்பது இருபது. ஒம்பதரைக்கு இது அறுந்துரும். யாரும் கணினியத் தொடாம தள்ளி நில்லுங்க. டீச்சர், நீங்களும் வாங்க இந்தப் பக்கம்."

எல்லாரும் சுவரோரம் போய் நின்றார்கள். ஒன்பதரை ஆனது. அறவில்லை. ஒன்பது முப்பத்திரண்டு. விளக்குகள் அப்படியே எரிந்தன. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதவி அமைப்புக்காரர், "நல்லாத்தானே வேலை செய்யுது?" என்றார். என் வாழ்க்கையில் ஒரு கருவி பழுதாகவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்று ஒருநாள்தான். டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. ஒன்பது முப்பத்தேழுக்கு விளக்கு அணைந்தது. பேக்ஸில் தாள் சிக்கிக்கொண்டதாம், பிறகு கிளாக்கர் சொன்னார்.

"வாங்க" என்று அவர்களைக் கம்பத்தடிக்குக் கூட்டிப்போனேன். ஏறிப் பெட்டியைத் திறந்து காட்டினேன். எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்று மேலிருந்தே கையை நீட்டிச் சொன்னேன். இறங்கியதும் அதிகாரி தன் கோவையிலிருந்து என் படிவத்தை எடுத்தார்.

"அப்ப இத எழுதுனது யாரு?"

"நான்தாங்க ஐயா."

"பாத்துட்டா எழுதுனீங்க?"

"இல்லங்க. மழை பெஞ்சுது. வரல."

லொறிக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். நான் சிரிப்புக்குரியவன்தான்.

அதிகாரி நல்லபடியாகவே பேசினார். விஷயம் விளங்கிவிட்டது, வாயால் சொன்னதே போதும் என்றார். டீச்சர் விடவில்லை. "என்னைப் பற்றி எழுத்திலைதானே வந்தது? இதுகும் எழுத்திலை வரட்டும்." கணினி மேசையில் உட்கார்ந்து ஒரு முழுப் பக்கம் எழுதினேன். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வந்து பார்க்காமல் எழுதினேன் எண்டதை விட்டிட்டியள்." அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

லொறி வெறுமையாகத் திரும்பியது. ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். டீச்சருடைய கோவையிலிருந்து அந்த முதல் கடிதத்தை எடுக்கச் சொல்லிக் கேட்டோம். ஏறிய கடிதத்தை இறக்க ஒழுங்குவிதி இல்லை என்றார்கள். என் கடிதத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாமாம். ஒரு மனுஷியைப் பற்றிப் பொய் எழுத எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அதை அழிக்க ஓர் அமைச்சே வரவேண்டும்போல் இருந்தது. இரண்டு வருடம் கழித்து அதிபர் பதவிக்கான நேர்முகத்தில் அந்த முதல் கடிதத்தைத்தான் அவரிடம் கேட்டார்களாம். பின்னால் இருந்த பக்கத்தை யாரும் புரட்டவில்லை. பதவி கிடைக்கவில்லை.

எனக்கும் விளக்கக் கடிதம் வந்தது. மலைநாட்டுக்கு வெளியே மாற்றலும் வந்தது. அது எனக்குத் தகும். 'பாக்காம எழுதுனவன்' என்பதற்காக வந்திருந்தால் தலைகுனிந்து ஏற்றிருப்பேன். ஆனால் கடிதத்தில் இருந்த குற்றம் அதுவல்ல. 'அலுவலக விடயங்களை வெளியாருக்கு வெளிப்படுத்தியமை' என்று இருந்தது. பார்க்காமல் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

ஆகவே பிள்ளைகளே, படிவத்தில் இடம் காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்று எழுதுங்கள். போகவில்லை என்றால் போகவில்லை என்று எழுதுங்கள். நீங்கள் எழுதுவது மலையேறிப் போய் யாருடைய தலையில் விழும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரே ஆள் மூன்று முறை முறைப்பாடு செய்தால், அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மாற்றலாகிப் போகும் முன் நான் செய்த கடைசி வேலையையும் சொல்லிவிடுகிறேன். பாடசாலைக்கு அதன் தனிக் கம்பியைத் திருப்பிக் கொடுக்க உத்தரவு வந்தது. கொடுத்தோம். அதற்குப் பதில் விடுதியைத் தொழிற்சாலையோடு பெட்டியில் போட்டோம். மறுநாளே விடுதியிலிருந்து முறைப்பாடு. யாரும் 'பழுது அவர்கள் பக்கம்' என்று எழுதவில்லை. ஆறாவது நாள், பிரதான வீதியிலிருந்து பங்களாவுக்குப் புதுக் கேபிள் சுருள் வந்து இறங்கியது. கனமான கேபிள். இருபது இணை கொண்டது.

பாடசாலை வேலியை ஒட்டித்தான் அதை இழுத்துக்கொண்டு போனோம். இடைவேளை மணி அடித்திருந்தது. பிள்ளைகள் வேலியோரம் வந்து நின்று பார்த்தார்கள். டீச்சரும் வந்தார்.

"தம்பி, இது எங்களுக்கோ?"

"இல்லங்க டீச்சர். பங்களாவுக்கு."

"எத்தினை நாளிலை வந்தது?"

"ஆறு நாள்ல."

அவர் கேபிளைப் பார்த்தார். சுருளிலிருந்து அது கறுப்பாக, நீளமாக வந்துகொண்டே இருந்தது.

"அப்ப கம்பி இருந்திருக்குது, என்ன?"

கேபிளைத் தோளில் பிடித்திருந்த எங்கள் ஐந்து பேருக்கும் அது கேட்டது. ஒருவரும் நிமிரவில்லை. மேற்பார்வையாளர் வானத்தைப் பார்த்துவிட்டு, "இழுங்கப்பா, மழை வரப்போகுது" என்றார்.

இழுத்தோம்.